இறங்காத விளக்குகள்

ஜனவரி 5, திங்கள்

கறவை இயந்திரம் பழுதுபார்த்துப் பிழைத்த காலத்தில், எந்தப் பண்ணைக்குப் போய் வந்தாலும் எதைக் கழற்றினேன், எதை மாட்டினேன் என்று அன்றன்றே எழுதி வைப்பேன். எனக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இருந்ததில்லை. எழுதி எழுதித்தான் கற்றேன். இப்போது மறுபடி எழுத வேண்டியிருக்கிறது.

நேற்று எங்கள் பழைய கார் சங்கத்தின் வருட ஓட்டம். கோவையிலிருந்து ஆழியாறு போய்த் திரும்ப வேண்டும். திரும்பும் வழியில், கிணத்துக்கடவுக்குச் சற்று முன்னால், பொழுது சாய்ந்த நேரத்தில் என் காரின் முன்விளக்குகள் இரண்டும் தாமாக உள்ளே இறங்கிவிட்டன. இருட்டில் ஒரு மாடு நின்றது. இடித்துவிட்டேன். பின்னங்கால் முறிந்துவிட்டது. சினைமாடு. பின்னால் வந்த சங்கத்துக்காரர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். என் வண்டியின் மூக்கு ஓரத்தில் உடைந்திருந்தது. விளக்குகள் உள்ளே இறங்கியிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

அந்த வண்டி அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. இரண்டே இருக்கை. பகலில் அதற்கு விளக்கே தெரியாது. பித்தானை இழுத்தால் மூக்கின் இருபுறமும் மூடி எழுந்து விளக்கு வெளியே வரும். அதை எழுப்புவது மோட்டார் இல்லை, வேக்கம், அதாவது வெற்றிட இழுவை. இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறதே, அந்த இழுவையைக் குழாய் வழியாக முன்பக்கத் தொட்டியில் பிடித்துவைத்து, அதைக் கொண்டு இரண்டு ரப்பர் சவ்வுகளை இழுத்து விளக்குகளை நிமிர்த்துகிறார்கள். எங்காவது கசிந்தால் ஸ்பிரிங் விளக்கை உள்ளே இழுத்துவிடும். மாட்டின் மடியில் கறவைக் குவளை கவ்வி நிற்பதும் இதே வேக்கத்தால்தான். கசிந்தால் குவளை கீழே விழும். ஆகவே வேக்கத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க இந்தக் கோவையில் ஆளில்லை.

ஓட்டத்துக்கு முன் காலையில் எல்லா வண்டிகளையும் பார்த்து 'சரி' என்று சொன்னவன் சங்கத்து மெக்கானிக் குப்புராஜ்.

மனைவி தெய்வானை என் பக்கத்து இருக்கையில்தான் இருந்தாள். சங்கத்துச் செயலாளர் ரேணுகா அவளிடம் விசாரித்தபோது, "நான் அசந்து தூங்கிட்டனுங்க" என்றாள். நல்லது.

ஜனவரி 6, செவ்வாய்

கறவை இயந்திரத்து வேக்க மீட்டரை எடுத்துத் துடைத்தேன். குழாயில் இணைத்து, தெய்வானையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இன்ஜினை ஓட்டினேன்.

"முள்ளு எங்க நிக்குதுன்னு சொல்லு."

"உங்களுக்குத் தெரியலீங்களா?"

"நான் இன்ஜினப் பாக்க வேண்டாமா? சொல்லு."

முள் முழுசாக ஏறியிருந்தது. இன்ஜினை நிறுத்திய பிறகும் அங்கேயே நின்றதாம். மீட்டர் பழசு, முள் சிக்கியிருக்கும்.

மதியம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். செய்தித்தாளில் இப்போதெல்லாம் அச்சு மங்கலாகப் போடுகிறார்கள்.

ஜனவரி 7, புதன்

நேற்று மாலை விளக்குகளை எழுப்பிவிட்டு இன்ஜினை நிறுத்தி அப்படியே விட்டேன். கசிவு இருந்தால் சாப்பிட்டு முடிப்பதற்குள் இறங்கியிருக்க வேண்டும். காலையில் போய்ப் பார்த்தால் இரண்டும் நிமிர்ந்து நிற்கின்றன.

இது ஒன்றையும் நிரூபிக்காது. மார்கழிக் குளிரில் ரப்பர் இறுகும். தவிர, சும்மா நிற்கும் வண்டி வேறு, ரோட்டில் குலுங்கும் வண்டி வேறு.

ஜனவரி 8, வியாழன்

மாடு பிழைக்கவில்லை என்று ரேணுகா போனில் சொன்னாள். கன்றும் போய்விட்டது. இன்று வேலை எதுவும் செய்யவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

குப்புராஜ் வந்தான். நான் கூப்பிடவில்லை. கட்டம்போட்ட சட்டை, தெருமுனையிலேயே வாசம் அடிக்கும் சென்ட், காதில் ஒரு கடுக்கன். மெக்கானிக் மாதிரியா இருக்கிறான்?

"ஏனுங்கய்யா, கண்ணடிக்கிற வண்டி கண்ண மூடிக்கிச்சாமா?" என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். வண்டியைச் சுற்றி வந்தான். இன்ஜினை ஓட்டினான், விளக்கை ஏற்றினான், இறக்கினான்.

"கெரகம், ஒண்ணும் புரியலீங்க. எடதுபக்கச் சவ்வு புதுசு, வலதுபக்கம் பழசு. எறங்குனா ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தித்தான் எறங்கும். ரெண்டும் ஒட்டுக்கா எப்படிங்க எறங்கும்?"

"தொட்டில கசிஞ்சா ஒட்டுக்காத்தான் இறங்கும்."

"தொட்டில எங்கீங்க கசியுது?"

"அதப் பாத்திருக்க வேண்டியது நீ. காலைல சரின்னு சொன்னது யாரு?"

"பாத்துத்தான் சொன்னனுங்க."

"என்னத்தப் பாத்தே?"

அவன் தெய்வானை கொடுத்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் போனான்.

இவன் என்ன செய்தான் என்பதை எழுதி வைக்க வேண்டும். போன மாதம் சங்கத்து ஷெட்டில் வைத்து என் வண்டியின் வேக்கக் குழாயை மாற்றினான். நான் போட்டிருந்தது கறவை இயந்திரத்துக் குழாய். தடித்தது, எவ்வளவு இழுத்தாலும் சப்பிப்போகாது. அதைக் கழற்றி எல்லார் முன்னாலும் பாம்பு மாதிரி தூக்கிக் காட்டி, "அய்யா பெட்ரோல் ஊத்தறதில்லீங்க, பால் கறந்துதான் வண்டி ஓட்டறாரு" என்றான். இங்கிலீஷ் படித்தவர்கள், மில் வைத்திருப்பவர்கள், எல்லாரும் சிரித்தார்கள். ரேணுகாவும் சிரித்தாள். பழைய இரும்புக் கடையில் எலும்புக்கூடாகக் கிடந்த வண்டியை ஒற்றை ஆளாக நிமிர்த்தியவன் நான். அதற்கு ஒருநாளும் கை தட்டாதவர்கள் அன்றைக்குச் சிரித்தார்கள்.

ஜனவரி 12, திங்கள்

தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு ரப்பர் முழங்கை இருக்கிறது, மடக்கிய கை மாதிரி வளைந்த இணைப்புத் துண்டு. வண்டியோடு வந்தது. குழாயை மாற்றிய குப்புராஜ் இதை மாற்றவில்லை.

கையால் அசைத்தேன், வரவில்லை. இடுக்கியால் பிடித்துத் திருகினேன். 'டப்' என்றது. எடுத்துப் பார்த்தால் வளைவில் ஒரு விரிசல், நகம் நுழையும் அளவு. உள்ளே நல்ல கறுப்பாக இருந்தது. பழைய விரிசல் என்றால் அழுக்கு ஏறியிருக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். எல்லா விரிசலிலும் அழுக்கு ஏறுவதில்லை.

என் கையில் இருந்த கிரீஸ் அதில் பட்டுவிட்டது. துடைக்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

முழங்கையைத் திரும்ப மாட்டிச் சோதித்தேன். விளக்குகள் எழுந்தன. ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும், மேட்டில் ஏறும்போது ஆவது போல, இன்ஜினின் வேக்க இழுவை குறைந்தது. இரண்டு விளக்கும் ஒட்டுக்கா இறங்கின.

கண்டுபிடித்துவிட்டேன். அந்த விரிசல் முன்பே இருந்தது.

ரேணுகாவுக்குப் போன் செய்து சொன்னேன். தெய்வானை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். கொம்புக்குச் சாயம் பூசி, மாலை போட்டு, தெருவில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். தெய்வானை வாசல் கதவைச் சாத்தினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

வண்டியைச் சங்கத்து ஷெட்டுக்குக் கொண்டுபோய் எல்லார் முன்னாலும் செய்து காட்டினேன். நான்தான் ஓட்டினேன். பகல் வெளிச்சத்தில் எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. ஒரு வேகத்தடை மட்டும் தூக்கிப் போட்டது. அதற்கு வெள்ளைக்கோடு போட்டிருக்கவில்லை.

"போட்டிருந்துச்சுங்க" என்றாள் தெய்வானை.

ஷெட்டில் நல்ல கூட்டம். ஒருவர், "என்னங்கண்ணா, இன்னைக்குக் கண்ணடிக்குமா?" என்றார். நான் சிரிக்கவில்லை. இன்ஜினை ஓட்டினேன், விளக்கை எழுப்பினேன், ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். விளக்குகள் தலை கவிழ்ந்து உள்ளே போயின. முழங்கையைக் கழற்றி ரேணுகாவின் கையில் கொடுத்தேன். அவள் பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தாள். கை மாறிக் கை மாறிக் கடைசியில் குப்புராஜிடம் போனது.

அவன் சண்டை போடுவான் என்று நினைத்தேன். அதற்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். சங்கத்தில் அவனை மிஞ்சி யாரும் பேச முடியாது. ஆனால் அவன் அதைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தான். நிமிரவே இல்லை.

"அன்னைக்குக் காலைல நான் இத அமுக்கிப் பாத்த ஞாபகம் இருக்குதுங்க. ஆனா நெம்ப வண்டி இருந்துச்சு. சரியாப் பாக்காம உட்டிருப்பேனாட்ட இருக்குது." பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டான். "தப்பு என்ற மேலதானுங்கய்யா. ஒரு வாயில்லா ஜீவனும் போச்சு. மன்னிச்சுப் போடுங்க."

நான் ஜெயித்துவிட்டேன். எல்லாரும் வந்து கை கொடுத்தார்கள். "அண்ணா, உங்க மூளைக்கு இன்ஜினீயரெல்லாம் பிச்சை வாங்கணும்" என்றார் ஒருவர்.

வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. குழம்பில் புளி அதிகம்.

ஜனவரி 19, திங்கள்

ரேணுகா போன் செய்தாள். வரும் ஞாயிறு கூட்டத்தில் குப்புராஜை நீக்கித் தீர்மானம் போடப்போகிறார்களாம். அதற்குள் சிலர் அவன் கடையில் விட்டிருந்த வண்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். சங்கத்து வண்டிகளை நம்பித்தான் அவன் கடையே நடக்கிறது.

"அவ்வளவு தூரம் வேணுமாம்மா?" என்றேன்.

"நீங்கதானேண்ணா கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க" என்றாள்.

ஜனவரி 21, புதன்

மாட்டுக்காரம்மாவைப் பார்த்து வரலாம் என்று தெய்வானை மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று, "நீங்க வரலீன்னா நான் ஒத்தையாப் போறேன்" என்று பையை எடுத்துவிட்டாள். பேருந்தில் போனோம்.

அந்தம்மாள் பேர் ரங்காத்தாள். ரோட்டை ஒட்டி ஓட்டு வீடு. பக்கத்தில் கட்டுத்தறி, கயிறு சுருட்டி முளையில் மாட்டியிருந்தது. "வாங்க" என்றாள். மோர் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை. சங்கத்திலிருந்து இன்னொரு மாடு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். "வேற மாடு வரும். அது செவலை ஆகுமுங்களா?" என்று மட்டும் சொன்னாள்.

நான் விளக்கம் சொன்னேன். "காரோட விளக்கு எறங்கிப்போச்சும்மா. இருட்டாப் போச்சு. அதனாலதான்."

"எந்த வெளக்குங்க?"

"கார் விளக்குதான். ரெண்டும்."

"அதெங்கீங்க எறங்குச்சு? ரெண்டும் எரிஞ்சுட்டுத்தான வந்துச்சு. அந்த வெளிச்சத்துலதானுங்க நானே பாத்தேன், செவலை கயித்த இழுத்துட்டு ரோட்டு மேல நிக்கறத. கையக் காட்டிக் கத்துனனே. எனக்கே தெரியுது, வண்டில வர்றவருக்குத் தெரியாதா, நிறுத்திப்போடுவாருன்னு இருந்தேன்."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. மோர் டம்ளரை வைக்கப் போய்ப் படியின் விளிம்பைத் தவறவிட்டேன். டம்ளர் உருண்டு போனது.

திரும்பும்போது பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. ஈச்சனாரி தாண்டியதும் தெய்வானை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் தூங்கலீங்க."

ஜனவரி 22, வியாழன்

விளக்குகள் எரிந்தன. இடித்த பிறகு பித்தானை உள்ளே தள்ளி அவற்றை இறக்கியது என் கை.

இங்கே எழுதிவிட்டேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். குப்புராஜ் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. அவனுக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது.

இதை எழுதிவிட்டு வாசித்தேன். வாசிக்கச் சிரமமாக இருந்தது. வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.

ஜனவரி 24, சனி

ஒரு சோதனை பாக்கி இருந்தது. குழாய், சவ்வு, தொட்டி எல்லாவற்றையும் பார்த்தவன் இதை மட்டும் பார்க்கவில்லை.

முழங்கை சங்கத்திலேயே இருக்கிறது; அதன் இடத்தில் ஒரு துண்டுக் குழாயை வைத்து இறுக்கினேன். பொழுது சாய்ந்ததும் வண்டியைக் காலிமனைப் பக்கம் திருப்பி நிறுத்தி விளக்குகளை எழுப்பினேன். ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, தெய்வானையை நேர் எதிரே நடந்துபோய் வேலிக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். வெளிச்சம் கண்ணாடியில் பஞ்சு பஞ்சாகச் சிதறியது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. காத்திருந்தேன்.

"நின்னுட்டயா?" என்று கேட்டேன்.

"நின்னு நெம்ப நேரமாச்சுங்க" என்றாள் நேர் எதிரிலிருந்து.

கண் முகாமுக்கு வாருங்கள் என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இன்று அதைச் சொல்லவில்லை. வந்து விளக்கை அணைத்தாள். வீட்டுப் படிவரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் கையை உதறவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

போனேன். ஆட்டோவில்.

தீர்மானத்தை ரேணுகா வாசிக்க எழுந்தாள். குப்புராஜ் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், சென்ட் போடவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"அந்த முழங்கைய உடச்சது நான். அவன் இல்லை."

உடனே ஒருவர், "பெரிய மனசுங்கண்ணா" என்றார். இன்னொருவர், "பாவம்னு பழியத் தன்மேல போட்டுக்கறார் பாருங்க, இதுதான் பெரியவங்க" என்றார். கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஷெட் முழுக்கக் கைதட்டல். வண்டியை நிமிர்த்திய காலத்திலிருந்து நான் இவர்களிடம் எதிர்பார்த்தது இது ஒன்றைத்தான். இன்றைக்குப் பார்த்துக் கிடைத்தது. ரேணுகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உட்காருங்கண்ணா, போதும்" என்றாள். உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். குப்புராஜும் தப்பித்திருப்பான், நானும் தப்பித்திருப்பேன்.

"கையத் தட்டாதீங்க" என்று கத்தினேன். "அந்த முழங்கைய எடுத்து பெட்ரோல்ல கழுவிப் பாருங்க."

ரேணுகா தயங்கினாள். யாரோ ஒரு கிண்ணத்தில் பெட்ரோல் கொண்டுவந்தார்கள். கிரீஸ் கரைந்தது. அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினாள். வளைவின் இருபுறமும் இடுக்கிப் பல் வரிசையாகப் பதிந்திருந்தது. விரிசல் ஒரு பல் தடத்திலிருந்துதான் கிளம்பியிருந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"அப்ப விளக்கு?" என்று ரேணுகா கேட்டாள்.

"எரிஞ்சுது."

"அப்புறம் எப்படிண்ணா?"

"கண்ணு தெரியலம்மா."

இத்தனை பேர் இருந்த இடத்தில் அதற்குப் பிறகு ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் காலை நகர்த்தி வைத்துக்கொண்டார். குப்புராஜின் மேல் பழி போடும் உரிமை எனக்கு என்றும் இருந்ததில்லை. ஆனாலும் அவன் அன்று என் குழாயைத் தூக்கிக் காட்டிச் சிரிக்க வைத்தது தப்புதான். அதை நான் விட்டுக்கொடுக்க முடியாது.

வெளியே வரும்போது அவன் படியில் நின்றிருந்தான். நன்றி சொல்வான் என்றோ திட்டுவான் என்றோ நினைத்தேன்.

"ஒரு வாரமா எந்த வண்டியத் தொட்டாலும் ரெண்டு தடவ, மூணு தடவ பாக்கறனுங்க" என்றான். "பாத்துட்டு ஊட்டுக்குப் போறேன். போய்ப் படுத்தா, சரியாப் பாத்தமான்னு சந்தேகம். என்ற கைய நானே நம்பறதில்லீங்க. இனி நீங்க சொல்லிட்டீங்கன்னு அந்த நம்பிக்க திரும்பி வந்துருமுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜனவரி 27, செவ்வாய்

நேற்றுக் குடியரசு தினம், குப்புராஜின் கடை பூட்டியிருந்தது. இன்று திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வாசலில் ஒரு டயர் கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். தெய்வானை கொஞ்சம் தள்ளி மர நிழலில் நின்றாள். அவன் வெளியே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வெயில் ஏறியதும் எழுந்து வந்துவிட்டோம்.

நாளையும் போவேன்.